நிலவறைச் சாவி

சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நகர நிர்வாகி வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். எந்த ஊரும் எங்களை நான்கைந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஒரு வாடகை வீடு, ஒரு கட்டில், பிரிக்காமலே கிடக்கும் சில அட்டைப்பெட்டிகள், அவ்வளவு போதும். ஓக்லஹோமாவில் உள்ள ஆர்டெல் எனக்கு ஆறாவது ஊர். என் மனைவி மார்லீன் ஐந்தாவது ஊரிலேயே, அயோவா மாநிலத்திலேயே, நின்றுவிட்டாள். "நீ போய்ப் பாரு கால்வின், சரிப்பட்டு வந்தா என்னைக் கூப்பிடு" என்றாள். ஓக்லஹோமாவின் புழுதி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானும் கூப்பிடவில்லை.

வாயைத் திறக்காமல் இருக்கும்படி நகரத்தின் வழக்கறிஞர் ப்ரூயிட் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டிக்காரர். ஆனால் நீங்கள் விசாரணைக்காக மாநிலத் தலைநகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் உங்களுக்கும் வேலை முடியும்.

முதலில் என் பதவியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். எங்கள் மாதிரி ஊர்களில் மேயர் என்பவர் அணிவகுப்பில் கையசைப்பவர். நகர மன்றத்தில் அவரையும் சேர்த்து ஐந்து பேர். அவர்கள் கொள்கை வகுப்பார்கள். மூன்று கை உயர்ந்தால் என்னை வேலைக்கு வைக்கலாம், மூன்று கை உயர்ந்தால் அனுப்பியும் விடலாம். ஆனால் நான் நாற்காலியில் இருக்கும்வரை, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவனுக்குக்கூட அவர்கள் நேரடியாக உத்தரவிட முடியாது. என்னிடம்தான் சொல்ல வேண்டும். நகரச் சொத்து அனைத்தும் நகர நிர்வாகியின் பொறுப்பிலும் பராமரிப்பிலும் இருக்கும் என்று நகரத்தின் சாசனத்தில் ஒரு வரி உண்டு. தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு நிலையம், நீச்சல் குளம், நூலகத்து நாற்காலிகள், எல்லாமே. சொந்தமாக எதுவும் இல்லாத ஒருவனுக்கு அந்த வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. பழைய காலத்துக் கட்டுமானம், கனமான சுவர்கள். நான் வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பிருந்தே, சுழல்காற்று வருகிறது என்று சங்கு ஊதினால் கிழக்குப் பக்கத்து டிரெய்லர் குடியிருப்பிலிருந்து ஆட்கள் அங்கே ஓடிவருவது வழக்கம். லாரியில் இழுத்துவந்து நிறுத்தும் டிரெய்லர் வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. நான்கு சங்கிலி போட்டுத் தரையில் கட்டியிருப்பார்கள். காற்று வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் வருவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எப்படி வருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என் முதல் வசந்த காலத்தில் நானே வாசலில் நின்று பார்த்தேன். நாய்கள், சேறு அப்பிய பூட்ஸுகள், அடுப்பிலிருந்து அப்படியே தூக்கிவந்த பீன்ஸ் பானை. ஒருவர் கூடையில் கோழியோடு வந்திருந்தார். காற்று பக்கத்து ஊரோடு திரும்பிப் போய்விட்டது, இவர்கள் இரண்டு மணி நேரம் சீட்டாடிவிட்டுத்தான் போனார்கள். படியில் ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சுவரில் யாரோ தங்கள் காதலியின் பெயரைக் கீறிவைத்திருந்தார்கள். மறுநாள் நாற்றம் என் அறைவரை வந்தது.

அந்த வாரம் சாப்பாட்டுக் கடையில் ப்ரூயிட்டிடம் யோசனை கேட்டேன். தட்டில் இருந்த இறைச்சி மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"இதப் பாரு கால்வின். அதத் திறந்து வெச்சேன்னா உள்ள நடக்கற ஒவ்வொண்ணுக்கும் நீதான் பதில் சொல்லணும். விழுந்தவ கை, நாய் கடிச்சவன் கால், எல்லாம் உன் தலைமேல. பூட்டி வெச்சேன்னா அது நிர்வாக முடிவு. நிர்வாக முடிவ எந்தக் கோர்ட்டும் தொட முடியாது."

"யாராவது செத்துப்போனால்?"

"காத்துல செத்தா அது காத்தோட பொறுப்பு. வெண்டைக்கா வறுவல் சாப்பிடு, ஆறிடப்போகுது."

இத்தனை வருட வேலையில் யாரும் எனக்கு இவ்வளவு ஆறுதலான ஒன்றைச் சொன்னதில்லை. திறப்பதற்குத் தண்டனை உண்டு, திறக்காமல் இருப்பதற்கு இல்லை. சட்டம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. நான் செய்யவில்லை.

அந்தக் கோடையில் நிலவறையைச் சீர்படுத்தினேன். கட்டடத்துக்குள்ளிருந்து இறங்கும் படிக்கட்டைச் சுவர் வைத்து மூடினேன். தரைக்குச் சாம்பல் நிற வண்ணம் பூசினேன். கிறிஸ்துமஸ் விளக்குகளையும் தேர்தல் மேசைகளையும் அங்கே அடுக்கச் சொன்னேன். வெளிப் படிக்கட்டின் அடியில் புது இரும்புக் கதவு, இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு. பழைய பூட்டுக்குத் தீயணைப்புத் தலைவரிடம் ஒரு சாவி இருந்தது, மெதடிஸ்ட் பாதிரியாரிடம் ஒன்று, எதிரே காபிக் கடைக்காரரிடம் ஒன்று. புதுப் பூட்டுக்கு ஒரே சாவிதான். தீயணைப்புத் தலைவர் மட்டும், "எனக்கு ஒண்ணு வேண்டாமா சார்?" என்று கேட்டார். தேவைப்படும்போது என்னிடம் கேளுங்கள் என்றேன். நல்ல மனிதர், தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜோலின் டாக்கெட் அப்படிப்பட்டவள் அல்ல. கிழக்குப் பகுதியின் மன்ற உறுப்பினர் அவள். பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், அதனால் குரல் எப்போதும் கடைசி இருக்கைவரை கேட்கும். அவளும் கணவன் வெர்ஜிலும் அந்த டிரெய்லர் குடியிருப்பில்தான் இருந்தார்கள். மறுவருடத் தொடக்கத்தில், முழு மன்றமும் ஊராரும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்ப்பா கால்வின், அந்தச் சாவிய தலகாணிக்கு அடியில வெச்சுத் தூங்குவியா, இல்ல கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்குவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொதுக் கூட்டத்தில் அவள் என்னை ஒருமுறைகூட நிர்வாகி என்று அழைத்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. புயல் எச்சரிக்கைக் காலங்களில் நிலவறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று. நான் எதிர்க்கவில்லை. அது கொள்கை, மன்றத்தின் உரிமை. எப்போது, எந்த முறையில் திறப்பது என்பது சொத்தைப் பராமரிக்கிறவனின் வேலை. அதற்கான திட்டத்தை ஜூனில் வைக்கிறேன் என்றேன்.

"சுழல்காத்து மே மாசம் வரும்யா. ஜூன்ல வான்னு அதுக்கும் தேதி குடுத்திருக்கியா?" என்றாள் ஜோலின்.

முறைப்படி செய்ய நேரம் தேவை என்றேன். என்னை அசைக்க அவர்களிடம் இருந்த ஒரே வழி என்னை வேலையைவிட்டு நீக்குவது. அதற்கும் மூன்று கை வேண்டும், தீர்மானத்துக்குக் கை தூக்கிய மூவரில் ஒருவர் அதற்குத் தயங்கினார், அவளிடம் இரண்டுதான் இருந்தது.

மே மாத நடுவில் ஒரு மத்தியானம் அவள் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு, பெக்கான் கொட்டை போட்ட பணியாரம், மேலே காகிதம் மூடியிருந்தது. மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மூணாவது ஓட்டு கிடைச்சிருச்சு கால்வின். வர்ற செவ்வாக்கிழமை உன்ன வேலையவிட்டு எடுக்கப்போறோம். முதுகுக்குப் பின்னாடி செய்யறது எனக்குப் பிடிக்காது, அதான் நேர்ல சொல்ல வந்தேன்."

நன்றி என்றேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தச் சாவிய தீயணைப்பு ஆபீஸ்ல குடுத்துரு. நானே உனக்கு ஓட்டுப் போடறேன். உன்ன இந்த ஊர்ல யாரும் வெறுக்கல. நீயாத்தான் மூலையில மாட்டின பூனை மாதிரி எல்லார் மேலயும் சீறிக்கிட்டு இருக்க."

யோசிக்கிறேன் என்றேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அந்தப் பணியாரத்தை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆறு ஊர்களில் வேலைபோன ஒருவனை ஏழாவது ஊர் எடுக்காது. மார்லீனின் தொலைபேசி எண் மாறியிருந்தது. சாவியைக் கொடுத்தால் வேலை இருக்கும், ஆனால் வேலை அவளுடையதாகிவிடும். கொடுக்காவிட்டால் வேலையே இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்த நிலையில் ஒரு மனிதன் சாசனத்தைத் தவிர வேறு எதைப் பிடித்துக்கொள்ள முடியும், நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே காற்றே இல்லை. மத்தியானம் வானம் பச்சையாக மாறியது. அது சுழல்காற்றின் அறிகுறி என்று அந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஊழியர்களை வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். மாலைக் கூட்டம் நடக்காது என்று எனக்குத் தோன்றியது. ஒப்புக்கொள்கிறேன், அது எனக்கு ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. தென்மேற்கே சுழல்காற்று தரை தொட்டுவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அபாயச் சங்கை ஊதச் செய்யும் அதிகாரமும் என்னுடையதுதான். ஒரு கணமும் தாமதிக்காமல் ஊதச் சொன்னேன். அதில் யாரும் குறை காண முடியாது.

பிறகு நிலவறைக் கதவைப் பூட்டினேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் நான் வெளியே நின்று பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டதாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. உள்ளே போய்ப் பூட்டினேன். என் வாடகை வீட்டுக்கு நிலவறை கிடையாது. நகரச் சொத்து என் பொறுப்பில் இருக்கிறது, ஆபத்து நேரத்தில் அதன் அருகில் நான் இருப்பதுதான் முறை.

உள்ளே நன்றாக இருந்தது. உலர்ந்த வாசனை. பேட்டரி விளக்கு ஒன்று எரிந்தது. அடுக்கிவைத்திருந்த பெஞ்சுகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம். அங்கே என்னை யாரும் ஓட்டுப் போட்டு எழுப்ப முடியாது. பல வருடங்களுக்குப் பிறகு உடம்பு தளர்ந்தது. கொஞ்சம் கண்ணைக்கூட மூடினேன்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் ஒருவர், பிறகு பலர். கதவைத் தட்டினார்கள். ஒரு நாய் குரைத்தது. தீர்மானம் நிறைவேறிய செய்தி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, அதனால் திறந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தார்கள். திட்டம் ஜூனில்தான் என்று நான் சொன்னதை யாரும் அவர்களிடம் சரியாக எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைத் தவறான நம்பிக்கையில் நிறுத்திவைப்பது நியாயமில்லை என்று பட்டது. கதவருகே போய்ச் சொன்னேன், இந்த இடம் மூடப்பட்டிருக்கிறது, தயவுசெய்து வேறு இடம் பாருங்கள் என்று.

தட்டுவது நின்றது. பிறகு ஜோலினின் குரல்.

"கால்வின்? நீயா உள்ள இருக்க?"

ஆமாம் என்றேன்.

அவள் சிரித்தாள். கேலியாக அல்ல. பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "அப்பாடா, உள்ள ஆள் இருக்கு. பயப்படாதீங்க, இப்பத் திறந்துருவான்" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி அதிலேயே இருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை நேர்மையாகச் சொல்கிறேன். ஒருமுறை திறந்தால் எப்போதும் திறந்ததாகத்தான் ஆகும். பிறகு அது பூட்டிவைத்த நிர்வாக முடிவு அல்ல, திறந்துவிட்ட கதவு. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மேலும், இத்தனை மாதமாக அவள் சொன்னதுதான் சரி என்று நானே என் கையால் ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். இதையெல்லாம் ஒரு மனிதன் அவசரத்தில் முடிவுசெய்ய முடியாது.

"கால்வின், என்னப்பா செய்யற? அது தண்ணீர்த் தொட்டிகிட்ட வந்துருச்சு. கண்ணுக்குத் தெரியுது."

கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது, கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்றேன். விலகினார்கள். உடனே விலகினார்கள், அதைச் சொல்ல வேண்டும், படியில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி எனக்கு இடம் விட்டார்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் மறுபடி கதவருகே வந்தாள். இந்த முறை கத்தவில்லை. கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேசியிருக்க வேண்டும், என் காதுக்குள் பேசுவதுபோல இருந்தது.

"என்மேல உனக்குக் கோவம். சரி. எங்கள விட்டுரு. கீச்சர் வீட்டுப் பொண்ணுங்க ரெண்டும் இங்க இருக்கு, சின்னதுங்க. அதுங்கள மட்டும் உள்ள எடுத்துக்க. நாங்க வெளிய நின்னுக்கறோம். இன்னிக்கி ராத்திரி கூட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் ராஜினாமா பண்ணிடறேன்."

அது நியாயமான யோசனைபோலத் தெரியும். ஆனால் சிலருக்குத் திறப்பதும் எல்லோருக்கும் திறப்பதும் சட்டத்தில் ஒன்றுதான். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுத்தால் அது இன்னும் மோசம், பாரபட்சம் என்பார்கள். அதை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். எவ்வளவு கேட்டிருக்கும் என்று தெரியாது. எல்லோரும் சேர்ந்து மறுபடி கதவை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு என் காதுகள் அடைத்துக்கொண்டன. கதவு மூச்சுவிடுவதுபோல உள்ளும் வெளியும் அசைந்தது. மேலே கட்டடம் பெயர்ந்ததை நான் காதால் கேட்கவில்லை, பாதத்தில் உணர்ந்தேன். அது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

சத்தம் நின்றதும் சாவியைத் திருப்பினேன். பூட்டு எளிதாகத் திறந்தது. கதவு நகரவில்லை. தோளால் தள்ளினேன், பெஞ்சை வைத்து இடித்தேன். வெளியிலிருந்து ஏதோ அதை அழுத்திப் பிடித்திருந்தது. பேட்டரி விளக்கும் கொஞ்ச நேரத்தில் மங்கி அணைந்தது. உள்படிக்கட்டு இருந்த இடத்தில் நான் வைத்த சுவர் இருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தேன், நல்ல வேலை, ஒரு கல்லும் அசையவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். தட்டினேன், கத்தினேன். என் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் வெளிச்சம் வந்தபிறகுதான் வெளியே ஆள் சத்தம் கேட்டது. தோண்டியது வெர்ஜில். அவன் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுபவன், காற்று வந்தபோது ஏதோ பண்ணையில் குளம் வெட்டிக்கொண்டிருந்தான். இயந்திரம் அந்தக் குறுகலான படிக்கட்டில் இறங்காது, அதனால் கையாலேயே செங்கல்லையும் உத்தரங்களையும் எடுத்திருக்கிறான். படியில் ஒன்பது பேர் இருந்தார்கள். மேலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கி அவனும் தீயணைப்பு ஆட்களும் புல்தரையில் படுக்கவைத்திருக்கிறார்கள். பெரியவர்களில் கடைசியாக எடுத்தது ஜோலினை. கதவை அழுத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளுக்கு அடியில் கீச்சர் வீட்டுக் குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை. அவள்மேல் தன் சட்டையைப் போர்த்திவிட்டு, உள்ளே யாரோ தட்டுகிறார்கள் என்று வெர்ஜில் திரும்ப இறங்கி வந்தான். அதை எனக்குத் தீயணைப்புத் தலைவர் பிறகு சொன்னார்.

கதவு திறந்ததும் என்னைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்தான். உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தூள், விரல் நுனிகளில் ரத்தம். "ஒருத்தராவது இருக்கீங்களே" என்றான். தண்ணீர்ப் புட்டியை என் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டான், நான் குடித்து முடிக்கும்வரை. நான் இருமியபோது முதுகில் தட்டிக்கொடுத்தான். பிறகு கதவைப் பார்த்தான்.

"சாவி உள்பக்கம் இருக்கே."

ஆமாம் என்றேன்.

"அவங்க தட்டலையா?"

"தட்டினார்கள்."

அவன் படியில் உட்கார்ந்தான். அடிக்கவில்லை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். "அவ என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உங்களிடம் சொன்னதைத்தான் அவனிடமும் சொன்னேன். அவன் எழுந்து போய் அவள் பக்கத்தில் புல்லில் படுத்துக்கொண்டான். அவனிடம் எனக்கு விளக்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, கேட்க அவன் நிற்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் திறக்க மாட்டேன் என்று ஒருபோதும் முடிவு செய்யவில்லை. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் இரும்புக் கதவை அடித்துக்கொண்டிருந்தால் எந்த மனிதனாலும் நிதானமாக யோசிக்க முடியாது. கொஞ்சம் ஓயட்டும், பிறகு திறக்கலாம் என்றுதான் பூட்டில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் ஓய்ந்த அடுத்த கணமே சாவியைத் திருப்பினேன். அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.